ஆரைக் கேட்டுத் திறந்தது?

– எட்டுத் தரம் அடிச்சிட்டன், பொன்னையா அண்ணை. றிங் போகுது. தலைவர் எடுக்கிறாரில்லை.

– கண்டாவளைக்குப் போயிருப்பாருங்க. இன்னும் ஒருவாட்டி அடிச்சுப் பாருங்கம்மா.

– அடிச்சு? அதுவரைக்கும் வெள்ளம் பொறுத்துக்கொண்டு நிக்குமோ? காலமை என்ர வயலில முழங்காலளவு. இப்ப கதிர் மட்டும்தான் தெரியுது. இந்த வாய்க்கால் கதவைத் திறந்தா ரெண்டு மணித்தியாலத்தில வத்தீடும். திறப்பு உங்கட இடுப்பில தொங்குது. பிறகென்னத்துக்குத் தலைவர்?

– சாவி எங்கிட்ட இருக்குங்க. உத்தரவு விவசாய சங்கத் தலைவருகிட்டல்ல இருக்கு.

– நல்ல கதை! நாப்பது ஏக்கர் தாழுது. ஊர்ச் சனம் பொதுநோக்கு மண்டபத்தில இருந்து பிளேன்ரீ குடிக்குது. அங்க பாலத்தடியில கறுப்புக் குடையோட ஒருத்தர் விடிஞ்சதிலயிருந்து நிண்டு புதினம் பாக்கிறார்.

– யாரோ வெள்ளம் பாக்க வந்தவங்களா இருக்கும்.

– படிச்ச மனிசன் ஐயாத்துரை மாஸ்டரும் மண்டபத்திலதான். கேட்டா, "தலைவர் ஒரு சொல்லுச் சொல்லட்டும் பிள்ளை" எண்டுறார். ஒரு சொல்லு! கண்ணுக்கு முன்னால நிக்கிற வெள்ளத்தை இன்னொராள் சொன்னாத்தான் தெரியுமோ? எங்கட மூளையைக் கழட்டி அவரிட்டக் குடுத்து வச்சிருக்கிறமோ?

– தெரியாம இல்லைங்க. பொறுப்பு வேணாம், அம்புட்டுத்தான். தொறந்து நல்லா நடந்தா எல்லாரும் செஞ்சது. கெட்டுப்போச்சுன்னா, "தலைவரு சொன்னாரு"ன்னு சொல்லிட்டு வீட்டுல போயித் தூங்கலாம்.

– அப்ப நீங்களும் அதைத்தான் செய்யிறியள்.

– ஆமாங்க. செய்யிறேன்.

– வெக்கமில்லையோ, அண்ணை? கோவிக்காதேங்கோ, வயிறு எரியுது எனக்கு. என்ர மனிசன் செத்து எட்டு மாசம். நான் தனிய விதைச்ச முதல் காலபோக நெல்லு இது. ரெண்டரை ஏக்கர். என்ர மகள் லக்சிகா பள்ளிக்கூடத்தால வந்து சட்டை மாத்தாமல் புல்லுப் பிடுங்கினவள். இது போனா எங்களுக்கு வேற ஒண்டும் இல்லை.

– போன மாரியில நான் தொறந்தேனே, ஞாபகம் இருக்குங்களா?

– ஓம்.

– அன்னிக்கும் தலைவரு போனை எடுக்கல. நானாத் தொறந்தேன். எல்லார் வயலும் தப்பிச்சுது. கீழ சதீஸ் தம்பியோட அரை ஏக்கர் கச்சான் கடலை மட்டும் அடிச்சுக்கிட்டுப் போச்சு. கூட்டத்துல என்னைய எழுப்பி நிக்க வச்சு, "ஆரைக் கேட்டுத் திறந்தனீ?"ன்னு தலைவரு கேட்டாரு. எழுபத்தேழு கலவரத்துல எங்கப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்துலேருந்து இங்க வந்தாரு. நான் இந்த மண்ணுலதான் வளந்தேன். இருந்தும், "தோட்டத்து ஆளுக்கு இவ்வளவு துணிவோ"ன்னு பின்னாடி ஒரு குரல். நாப்பது குடும்பமும் உக்காந்திருந்துச்சு. "எங்க வயல் இவராலதான் தப்பிச்சுது"ன்னு ஒருத்தரும் சொல்லல. நீங்க மூணாவது கதிரையில இருந்தீங்க.

– தெரியும்.

– தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தீங்க.

– தெரியும் எண்டுறன்! உடன குனியேல்லை. முதல்ல தலைவரின்ர முகத்தைப் பாத்தனான், கோவமா இருக்கிறாரோ எண்டு. கோவமாத்தான் இருந்தார். பிறகுதான் குனிஞ்சனான். சீ! இவ்வளவு நேரமும் ஊரைத் திட்டிக்கொண்டு நிக்கிறன், நானும் அதில ஒருத்திதான்.

– விடுங்கம்மா.

– விடமாட்டன். தாங்கோ திறப்பை.

– என்னங்க?

– தாங்கோ. சதீஸுக்கு நானே சொல்லுறன், அவன்ர கச்சானுக்கு நானே பதில் சொல்லுறன். ஆர் திறந்ததெண்டு கூட்டத்தில கேட்டா, விமலேஸ்வரி எண்டு சொல்லுங்கோ. உரத்துச் சொல்லுங்கோ.

– பூட்டு துருப்புடிச்சுக் கெடக்கு. உங்க கைக்கு வராது, நகருங்க. ஆனா ஒண்ணு. நீங்க சொன்னீங்கன்னு நான் தொறக்கல. ரெண்டு பேருமாத் தொறக்கிறோம். சக்கரத்தை அந்தப் பக்கம் புடிங்க.

– பிடிச்சிட்டன். சுத்துங்கோ. இன்னும், இன்னும்... பாயுது! அண்ணை, பாயுது!

– பாயுதுங்க! கொஞ்ச நேரத்துல உங்க வரம்பு தெரியும். அம்மா, அந்தக் கறுப்புக் குடை இங்கதான் ஓடி வருது.

– வரட்டும். ஆர் வந்தாலும் இனி இதைப் பூட்டவிடமாட்டன்.

– தலைவருங்க. நம்ம தயாபரன் ஐயா!

– விடிஞ்சதிலயிருந்து பாலத்தடியில நிண்டது நீங்களோ? போனும் கையிலயே கிடக்குது! எட்டுத் தரம் அடிச்சனான். நாங்கள் தாழுறதைப் பாத்துக்கொண்டோ நிண்டனீங்கள்? சொல்லுங்கோ, ஏன் எடுக்கேல்லை?

– எடுத்திருந்தா, பிள்ளை, நான் ஏதாவது சொல்லவேண்டி வந்திருக்கும்.