பதினேழாம் மரம்

இல்லைத் தம்பி, அளக்கிற ரேப்பின்ரை நுனியை நான் பிடிக்கமாட்டன். குறை நினைக்காதேங்கோ. மரத்தை ஒரு சுத்துச் சுத்தினால் நுனி தானா உங்கடை கைக்கு வந்திடும். அந்தப் பேப்பரைத் தாங்கோ, நீங்கள் அளவைச் சொல்லச் சொல்ல நான் எழுதித் தாறன். யாழ்ப்பாணத்திலை கம்பசிலை படிச்ச கையெழுத்து. இருபத்தாறு வருசமா, நான் பாத்த கிழட்டுச் சிஞ்ஞோராமாரின்ரை மருந்துப் பெட்டியிலைதான் எழுதினது, எண்டாலும் இன்னும் வடிவாத்தான் கிடக்கு.

உங்களோடை வந்தவர் எங்கை? றொஜரோ? கோப்பி குடிக்கப் போனவரோ. அப்ப இண்டைக்கு அவரை மறந்திடுங்கோ.

தனேஸ். நல்ல பேர். முந்திச் சியாகுல்லித் தோட்டங்களிலை மண்டரின் தோடம்பழம் ஆய்ஞ்சனீங்களோ? அதுதான் பாத்தன், கத்தரி பிடிக்கிற பிடி வேறை.

பதினாலாம் மரம், மூண்டு மீற்றர் பத்து. எழுதிட்டன்.

முந்நூறு வயசு இருக்குமோ? கூடவோ. நான் வேலை செய்த கிளறா சிஞ்ஞோரா சொல்லுவா, இந்த லேச்சோ மரங்கள் ஒருத்தரும் நட்டதில்லையாம், பூங்கா வரமுந்தியே இஞ்சை நிண்ட காடாம். அங்காலை புல்வெளியைப் பாருங்கோ, வைக்கல் மாதிரிக் காஞ்சு போய்க் கிடக்கு. இது வெய்யிலோ குளிரோ எண்டு பாராது. ஒரே கறுப்புப் பச்சை. இலையைப் பிரட்டிப் பாத்தால்தான் அடியிலை நரை தெரியும்.

நீங்கள் மரங்களிலை இருந்து கழட்டுற இந்தத் துணியளை முதல் ஆர் கட்டினதெண்டோ? நான்தான். பிடிச்சுக்கொண்டுபோய்க் கொமூனேக் கந்தோரிலை குடுங்கோ.

சிரிக்காதேங்கோ, உண்மைதான். என்ரை மகள் ஜெனனிக்கு இரத்தத்திலை வருத்தம் எண்டு சொன்ன வருசம். ஒன்பது வருசமாச்சு. ஞாயிறிலை சனமெல்லாம் மலையிலை றொசாலியா அம்மாவின்ரை கோயிலுக்குப் போகுது, நானும் போனன். திரும்பி வாற வழியிலை இதிலை ஒரு கிழட்டு மரமாப் பாத்து, மகளின்ரை சீலையிலை ஒரு துண்டு கிழிச்சுக் கட்டினன். சுகம் வந்தால் அவவே நடந்து வந்து தன்ரை கையாலை அவிழ்க்கிறதெண்டு நேர்த்தி. அடுத்த ஞாயிறு வந்து பாத்தால் பக்கத்திலை ஒரு மஞ்சள் துண்டு. அடுத்த மாசம் ஏழு. நான் ஏதோ கோயில் மரம் கண்டுபிடிச்சமாதிரி. சொல்லேலுமே, அது சும்மா மரம், நான் அந்தரத்திலை கட்டினது எண்டு?

நிலக்ஷி எண்டு ஒருத்தி இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோ கிடைக்கோணும் எண்டு வயராலை கட்டினவ. வயராலை! துணி இத்துப்போகுமாம். பெர்மெசோவும் வந்திட்டுது, ஆளும் ஜேர்மனிக்குப் போட்டுது. அவிழ்க்க வரேல்லை. இப்ப நீங்கள் குறட்டாலை இழுக்கிறியளே, அது அவவின்ரைதான்.

மரத்துக்கு நோகும் எண்டு எனக்கு அப்ப தெரியேல்லை, தம்பி. வேண்டுதல்தானே, என்ன பாரம் எண்டு நினைச்சன்.

பதினைஞ்சு, ரண்டு எண்பது. பதினாறு? திருப்பிச் சொல்லுங்கோ. ரண்டு தொண்ணூற்றைஞ்சு.

மகளோ? முப்பத்தெட்டு வயசு. அங்கை, உங்கடை தலைக்கு மேலை, பட்டுப்போன கொப்பு ஒண்டு தொங்குது, பாத்து நில்லுங்கோ. லேச்சோ சரியான வைரம், விழுந்தால் மண்டை உடைஞ்சிடும். றொஜரும் இல்லை தூக்க.

பதினேழு. ஓம், இதுதான் என்ரை.

நாவல் நிறச் சீலை எண்டால் இப்ப ஆரும் நம்பமாட்டினம். முடிச்சைப் பாருங்கோ, பட்டை வளந்து வந்து பாதியை மூடிப்போட்டுது. உதட்டை மூடினமாதிரி. இல்லை, நீங்களே கிட்டப் போங்கோ. நான் இதிலையே நிக்கிறன்.

காலமை ஏழு மணிக்கு வந்தனான். உந்த முடிச்சுக்காகத்தான் வந்தது. கை நீட்டினால் எட்டும். நீங்கள் வருமட்டும் சும்மா நிண்டுகொண்டிருந்தனான். அதைத் தொடேலாது, தம்பி. துடக்கு. நாளைக்கு ஜெனனியின்ரை எட்டாம் நாள் படையல்.

அப்பிடிப் பாக்காதேங்கோ. நான் அழேல்லையே. இனிக் கபோச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கோணும். முருங்கைக்காய் இருக்கோ தெரியாது, அவவுக்கு அதுதான் விருப்பம். அதில்லாமல் எப்பிடிப் படைக்கிறது.

அவிழ்க்காதேங்கோ. அவிழ்க்கிறது சுகம் வந்த ஆக்களுக்கு. கத்தரியாலை வெட்டுங்கோ. ஓம், அதிலைதான். மரத்துக்குள்ளை போனது கிடக்கட்டும், இழுக்காதேங்கோ.

வெட்டிப்போட்டு அளவைச் சொல்லுங்கோ. எழுதுறன்.