ஒரு வாய் ஒயினும் ஒரு நாற்காலியும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மகளிர் குழுத் தலைவி பூங்காவனம் அம்மா அவர்களே, காட்டுப்பாக்கம் எங்கள் தெருவின் பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் என் தந்தையே, நாற்காலி கிடைக்காமல் பந்தல் காலைப் பிடித்து நிற்கும் என் தாயே, பத்தாம் வகுப்பு மாணவி விஜியின் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, மதுவின் தீமை. பேசப்போவதும் அதுதான். ஆனால் ஒத்திகையில் படித்துக் காட்டிய பேச்சு இது இல்லை. இதை யாருக்கும் தெரியாமல் எழுதினேன்.

என் தாய் நாகவல்லி திருமழிசைப் பக்கம் நெடுஞ்சாலை ஓட்டலில் சமைக்கிறார். போன மாதம் அங்கே ஒரு விருந்து. ஓக் மரப் பீப்பாயில் இரண்டு ஆண்டு இருந்த சிவப்பு ஒயினைச் சுவைத்து, அதற்கு எந்த உணவு பொருந்தும் என்று பார்க்கும் விருந்து. தலைமைச் சமையல்காரர் உத்தமன் என் தாயிடம் கோப்பையை நீட்டினார்.

“ஒரு வாய் வச்சிப் பாருமே. முழுங்காத, துப்பிடு. ருசி தெரியாம இன்னாத்த சமைப்ப?”

“ஐயே, எனக்கு இன்னாத்துக்குண்ணா இந்தக் கருமம்?”

“வேலைமே இது!”

வைத்தார், துப்பினார். நான் மறைக்கவில்லை. வாழைப்பூத் துவர்ப்பு, பின்னாலேயே கிராம்பு, கருகிய மரத்தின் வாசனை. காரம் பட்டால் இந்தத் துவர்ப்பு சீறும், கொழுப்பு பட்டால் பணியும் என்று அந்த ஒரே வாயில் கண்டுகொண்டார். மிளகாயைக் கண்ணிலேயே காட்டாமல், ஆட்டு நெஞ்செலும்பை நெய்யில் வதக்கி, சுட்ட கத்தரிக்காயோடு அனுப்பினார். விருந்தினர் கைதட்டினார்கள். யாருக்கு? உத்தமனுக்கு!

சிரிக்காதீர்கள் அக்கா, கதை இனிமேல்தான்.

விருந்தினரும் சுவைத்துச் சுவைத்து ஒரு வாளியில் துப்பினார்கள். அதுதான் அங்கே முறை. அந்த வாளியைத் தூக்கியது யார்? என் தாய். படியில் தளும்பிக் கொட்டியது யார் புடவையில்? என் தாய் புடவையில். துப்பியவர்கள் காரில் ஏறினார்கள். அவர்கள் எச்சிலை உடுத்திக்கொண்டு என் தாய் பஸ் ஏறினார்.

பஸ்ஸில், “இன்னாக்கா, பார்ட்டியா?” தெருமுனையில், “நாகவல்லி தண்ணி போட்டுகினு வந்துகீது பாரு!” வாசலில், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு என் தந்தை, “ஊட்டுக்குள்ள வராத. மானம் பூடுச்சி!”

மறுவாரம் மகளிர் குழு கூடியது. தலைவி அவர்களே, “வாய் வச்சியா இல்லியா?” என்று கேட்டீர்கள். “வச்சேன், துப்பிட்டேன்” என்றார். முதல் சொல்லோடு உங்கள் காது மூடிக்கொண்டது. உண்மை சொன்ன குற்றத்துக்காகக் குழுவிலிருந்து அவர் பெயரை அடித்தீர்கள்.

தாய்மார்களே! ஒரு வாயைத் துப்பியவர் குடிகாரி என்றால், ஒரு சொட்டும் துப்பாமல் பத்து ஆண்டாக விழுங்குகிறவருக்கு என்ன பெயர்? அவருக்கு ஏன் முன்வரிசை? அவருக்கு ஏன் சால்வை? அவருக்கு ஏன் “வாங்கண்ணே, வாங்க”?

அப்பா, உட்காருங்கள். அடிப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இங்கே நூறு பேர் பார்க்கிறார்கள்.

மதுவின் தீமையை, குடித்தவர் குடலில் தேடச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் அது குடிக்காதவர் புடவையில் இருந்தது. துவைத்தோம், துவைத்தோம், போகவில்லை.

தலைவி அவர்களே, எனக்கு வைத்திருக்கும் பரிசுக் குடம் வேண்டாம். அந்தப் பந்தல் கால் அருகே ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். கேட்ட அனைவருக்கும் நன்றி. இதோ கை கூப்பிவிட்டேன். என் தாய் உட்காரும்வரை இந்தக் கையை இறக்கமாட்டேன்.