குமுதா கரைக்காத மாத்திரைகள்

அவைக்கு அழகு சேர்த்து, அன்புக்கு அடையாளமாய்த் தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் எங்கள் நீரிழிவு நலச் சங்கத் தலைவி தனலெட்சுமி அம்மையார் அவர்களே! பக்கத்தில் அமர்ந்து, நான் வாய் திறக்குமுன்பே கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் ஹாரிஸ் அவர்களே! முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! காலையில் தமக்கும் ஊசி போட்டு, கணவருக்கும் ஊசி போட்டுவிட்டு, கைப்பையில் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்திருக்கும் என் தாய்மார்களே! பேச்சு நன்றாக இருந்தால் உட்காரலாம், இல்லையென்றால் லிட்டில் இந்தியாவுக்கு நடையைக் கட்டலாம் என்று கதவோரம் நிற்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட் தேநீர்க்கடைக்காரன் ஜாஹிரின் ஸலாமும் வணக்கமும்.

இன்னும் ஒருவரை நான் விளிக்கவில்லை. இதே மேடையில் எனக்கு மூன்று நாற்காலி தள்ளி அமர்ந்திருக்கிறார். சற்று முன் பேசி இந்த அவையையே அழ வைத்தவர். முப்பது ஆண்டு என் நண்பராக இருந்தவர். இரண்டரை ஆண்டாக என்னோடு ஒரு வார்த்தையும் பேசாதவர். மாக் மண்டினிலிருந்து வந்திருக்கும் பிச்சைமுத்து அவர்களே! 'அவர்களே' என்று உன்னைக் கூப்பிட எனக்கு நாக்கு கூசுகிறது, பிச்சை. மேடைக்காகக் கூப்பிட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்.

அவர் என்ன சொன்னார்? தம் மனைவி குமுதாவுக்கு நீரிழிவு வந்தது, சீனியை நிறுத்தி மாத்திரை இனிப்புக்கு மாறினார்கள், பிறகு ஈரலில் புற்றுநோய் வந்தது, அவள் போய்விட்டாள் என்றார். ஞாயிறு தவறாமல் ஒரு நண்பன் அந்த நஞ்சைத் தேநீரில் போட்டுத் தன் கையால் கொடுத்தான் என்றார். நாகரிகம் தெரிந்தவர், பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அந்த நண்பன் நான்தான்.

என்ன, அவை சலசலக்கிறது? சலசலக்கட்டும். எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

இன்றைய தலைப்பு, 'செயற்கை இனிப்பு: நஞ்சா, நன்மையா?' ஒரே சொல்லில் விடை வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது. நான் டீ ஆற்றுகிறவன், மருத்துவன் இல்லை. ஆனாலும் இரண்டரை ஆண்டாய் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசித்தேன். விளங்காததை விளங்கிய பிள்ளைகளிடம் கேட்டேன். ஏன் வாசித்தேன்? தேர்வு எழுதவா? பட்டம் வாங்கவா? நான் ஒரு கொலைகாரனா, இல்லையா என்று தெரிந்துகொள்ள வாசித்தேன்!

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, அஸ்பார்டேம் என்ற அந்த இனிப்பைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. வைக்கும்போதே, கையில் உள்ள சான்று குறைவு என்றும் எழுதியது. அதே நாளில் இன்னொரு வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு நாற்பது மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றக் காரணம் இல்லை என்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, உடம்பு இளைப்பதற்காக இத்தகைய இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று ஓர் அறிவுரை வந்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. இவ்வளவும் வந்தது. நம் வாட்சாப்பில் எது வந்தது? 'டீயில் போடும் மாத்திரையால் புற்றுநோய்' என்ற ஒரே வரி, மேலே ஒரு மண்டையோட்டுப் படத்தோடு வந்தது.

சிரிக்காதீர்கள். நீங்களும் அனுப்பினீர்கள், எனக்கே நாற்பது பேர் அனுப்பினீர்கள். என் கடைக்கு வந்து, டின் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக்கில் இரண்டு மாத்திரையைப் போட்டு, பக்கத்தில் ரொட்டி சானாயைச் சீனியில் தொட்டுத் தின்று, 'டாக்டர் சொன்னதைக் கேக்கிறேன்லா' என்று நெஞ்சை நிமிர்த்தும் மகராசர்கள் பாதிப் பேர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். டின் பாலிலேயே சீனி இருக்கிறது ஐயா! தலையைக் குனியாதீர்கள் அண்ணே, நான் பெயர் சொல்ல மாட்டேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். 

பிச்சைமுத்துவும் குமுதாவும் ஞாயிற்றுக்கிழமை காலை பட்டர்வொர்த்திலிருந்து கடல் கடக்க ஃபெரிப் படகு ஏறுவார்கள். குயின் ஸ்ட்ரீட் அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு என் கடைக்கு வருவார்கள். சுவரோரம் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் நானே எழுப்பி வேறு இடம் காட்டுவேன். அவன் தொழிற்சாலைக் கதை சொல்வான், குமுதா அதைத் திருத்துவாள், என் மனைவி ரோஹானா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். என்ன பெரிதாகப் பேசினோம்? ஒன்றும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் வியாபாரம் செய்தேன், அந்த ஒரு நாள்தான் வாழ்ந்தேன்.

2022 டிசம்பரில் குமுதா போனாள். அதற்குப் பிறகும் அவன் வந்தான், தனியாக. அதே மேசையில் உட்கார்ந்திருப்பான், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஜூலையில் அந்தச் செய்தி வந்தது. அந்த ஞாயிறு அவன் உட்காரவில்லை. கைப்பேசியை என் முன்னால் வைத்தான்.

"ஜாஹிர், நாலு வருஷம் உன் கையால குடிச்சாடா. நீ போட்டதுதான்டா."

அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த மேசை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, ஒன்பது மணிக்கு ஃபெரியில் வந்தவர்கள் தெருவில் போகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் தெரு முனையைப் பார்த்தபடியே நான் டீயைக் கிளாஸுக்கு வெளியே ஊற்றியிருக்கிறேன். என் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், அவர்களுக்குக்கூட நான் இப்படி ஏங்கியதில்லை. ஆண்பிள்ளை நான் இன்னொரு ஆண்பிள்ளைக்காக ஏங்கினேன் என்று மேடையில் சொல்ல வெட்கமாக இல்லையா என்கிறீர்களா? இல்லை. எனக்கு அவன் வேண்டும்.

தலைவி மணியில் கை வைக்கிறார். அம்மா, இதுவரை சொன்னது முன்னுரை. இனிமேல்தான் நான் செய்த குற்றம் வருகிறது.

கடையில் பிச்சை அந்தச் சின்ன மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்து, "ரெண்டு போடு" என்பான். ஒருநாள் குமுதா கை கழுவும் சாக்கில் அடுப்படிக்கு வந்தாள். 

"அண்ணே, அத போட்டா நாக்குல தகரம் ஒட்டுன மாதிரி இருக்கு. வாரத்துக்கு ஒரு டீ. அதாவது நெசமா இருக்கட்டும்ணே."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மருத்துவரிடம் கேள் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும், புருசனிடம் சொல் என்று அனுப்பியிருக்க வேண்டும். செய்தேனா? இல்லை. டப்பாவை டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டினேன், அந்த மாத்திரைகளைக் கிளாஸ் கழுவும் தண்ணீரில் போட்டேன், அரைக் கரண்டிச் சீனியை டீயில் போட்டேன். நான்கு ஆண்டு, ஞாயிறுக்கு ஞாயிறு. பிச்சை, உன் மனைவிக்கு நான் மாத்திரை போட்டுக் கொடுக்கவில்லை. உனக்குத் தெரியாமல் சீனி கொடுத்தேன். அது சரி என்று வாதாட இங்கே வரவில்லை. தவறு. உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறேன்.

எழுந்துவிட்டான். யாரும் பிடிக்க வேண்டாம், வழி விடுங்கள். ஆனால் பிச்சை, ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போ. 

அவையோரே, இவ்வளவு தெரிந்தவன் அன்றே வாய் திறந்து தப்பித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். வீட்டில் வாரத்தில் ஆறு நாள் காப்பி கலக்கியது யார்? வேலைக்குப் போகுமுன் தன் கையாலேயே கலக்கி, சாஸரில் இரண்டு மாத்திரை எடுத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறியது யார்? இதோ நிற்கிறானே, இவன்! நான் மாத்திரை கொடுக்கவில்லை என்று அன்றே சொல்லியிருந்தால் பழி முழுவதும் யார் தலையில் விழும்? ஆறு நாள் பழியைத் தாங்க முடியாதவன் என் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

பிறகு ஏன் இன்று பேசுகிறேன்? இரண்டாவது வரிசையில் சின்னம்மா அக்கா இருக்கிறார், சுங்கை பாக்காப்பிலிருந்து வந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். ஒரு திருமண வீட்டில் பிச்சைமுத்து குமுதாவின் கதையைச் சொல்ல, இந்த அக்கா பயந்துபோய் மாத்திரையை வீசிவிட்டுப் பழையபடி மூன்று கரண்டிச் சீனிக்குப் போனார். மருத்துவரைக் கேட்கவில்லை. அப்புறம் காலில் ஒரு புண், ஆறவில்லை. இன்று இரண்டு விரல் இல்லை. மாத்திரையை வீசியதால் விரல் போனது என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவரின் துக்கத்தைக் கேட்டு இன்னொருவர் மருந்தை மாற்றுகிறார் என்றால் நான் வாய்மூடி இருக்க முடியாது.

இப்போது, இது. இந்தத் துணிப்பையில் இருப்பதை எடுக்கிறேன். பழைய பிஸ்கட் டின். குலுக்குகிறேன், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில். கேட்கிறதா? பின்வரிசைக்குக் கேட்கிறதா? 

இது குமுதாவின் டின். மருத்துவமனையில் கடைசி வாரம் ரோஹானாவின் கையில் கொடுத்தாள். சாஸரில் அவன் வைத்த மாத்திரைகளை அவள் காப்பியில் போடவே இல்லை. "ஆறட்டும்" என்பாள், பஸ் போனதும் இதில் போட்டு மூடுவாள். ஏமாற்றினேன் என்று அவர் வருத்தப்படுவார், அவரிடம் காட்டாதே என்று சத்தியம் வாங்கினாள். அப்படி ஒரு செய்தி வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? போன மாதம்தான் ரோஹானா இதை என்னிடமே காட்டினாள்: "அவ இருந்திருந்தா அவளே எடுத்துக் குடுத்திருப்பா லா. கொண்டு போங்க." மாக் மண்டினுக்கு மூன்று தடவை போனேன். கதவு திறக்கவில்லை. மேடையில் கதவு இல்லை, அதனால் இங்கே கொண்டு வந்தேன்.

பிச்சை! நீ கொலை செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அவள் ஏன் போனாள்? தெரியாது. மாத்திரையைச் சொல்ல முடியாது, அவள் சாப்பிடவே இல்லை. என் அரைக் கரண்டியா? அதையும் நான் அறியேன். தெரியாது என்ற சொல் தொண்டையில் எவ்வளவு முள்ளாய்க் குத்துகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெரியோர்களே, தாய்மார்களே, படித்த ஆய்வாளர்கள்கூட அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்காதபோது, பாமரர்கள் நாம் ஏன் தயங்க வேண்டும்? நஞ்சு என்று கூவுகிறவனிடம் ஓடாதீர்கள்! அமுது என்று விற்கிறவனிடமும் ஓடாதீர்கள்! உங்கள் இரத்தத்தைச் சோதித்த மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டீக்கடைக்காரனிடம் மட்டும் இரகசியம் சொல்லாதீர்கள், அவன் அன்பில் மடையனாகிவிடுவான்.

அவன் போகவில்லை. கிட்டே வருகிறான். இந்தா, டின். உன்னுடையதுதான். மூடி இறுக்கம், மெதுவாகத் திற.

என்னவோ கேட்கிறான், அவையோருக்கும் சொல்கிறேன். "அப்போ ஆறு நாளும் கசப்பாவாடா குடிச்சா?" என்கிறான்.

ஆமாம் பிச்சை. கசப்பாகத்தான் குடித்தாள். நான்கு ஆண்டு, ஒருநாளும் கீழே ஊற்றவில்லை. ஏன் என்று ரோஹானா கேட்டதற்கு, "அவரு கையால கலக்குறதுலா" என்றாள். 

ஹாரிஸ், அவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். மூன்று நாற்காலி தள்ளி வேண்டாம், என் நாற்காலிக்குப் பக்கத்தில் போடுங்கள்.

முடித்துவிடுகிறேன் அம்மா, மணி வேண்டாம். பேச இடம் தந்த தலைவிக்கும், பொறுத்திருந்த செயலாளருக்கும், பெயர் சொல்ல இசைந்த சின்னம்மா அக்காவுக்கும், அழுதும் சிரித்தும் என்னைத் தாங்கிய உங்களுக்கும் என் நன்றி. நாளை ஞாயிறு. சுவரோர மேசை காலியாக இருக்கும், யாரும் உட்கார வேண்டாம். பிச்சை, ஒன்பது மணிக்கு வா. சீனியும் இல்லாமல், மாத்திரையும் இல்லாமல், உன் கண் முன்னாலேயே இரண்டு கிளாஸ் கோசோங், வெறும் டீ, போடுகிறேன். கசப்பாகவே குடிப்போம். அனைவருக்கும் ஸலாம், வணக்கம்.