தம் அறிக்கையைத் தாமே தவறென்று எழுதிக் கொடுத்தவருக்கு

கேள்வி கேட்பதில் களைக்காதவரே! கேட்டதை வரைந்து, வரைந்ததை ஓட்டி, ஓட்டியதை மறுபடி சந்தேகிப்பவரே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் நீரேற்று நிலையத்தின் குழாய்களோடும் கோளாறுகளோடும் குடித்தனம் நடத்தி, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் பராமரிப்புப் பொறியாளரே! இம்மன்றத்தில் கூடியிருக்கும் பணியாளர்கள் அனைவரின் வணக்கத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்த மடலை எழுதும் வேலையைப் பதிவறை எழுத்தராகிய என்னிடம் கொடுத்தார்கள். பழைய பதிவேடுகள் என் அலமாரியில் இருப்பதால் பழைய நாட்களும் அங்கேயே இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலும். நான் சொல்லப்போவது அப்படியே நடந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்த விசாரணை நடந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தாங்கள் அன்று பேசியதைக் குறிப்பெடுத்தவன் நான்தான். ஆனால் குறிப்பில் இருப்பது வேறு, காதில் நிற்பது வேறு. மின்பணியாளரைக் கேட்டால் அவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். எனக்குச் சரியென்று படுவதை எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால், படித்து முடித்ததும் வழக்கம்போல எழுந்து நின்று சொல்லிவிடுங்கள்.

தங்கள் கையொப்பத்தைக் கண்டால் காண்டிராக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததையும், தங்கள் காலடி கேட்டதும், வாயில்லாத மோட்டாருக்காகக் காவலாளியே அதன் பழுதை எடுத்துச் சொன்னதையும் மற்றவர்கள் மேடையில் பேசுவார்கள். நான் பேச நினைப்பது கிடங்கின் பின்னறையில் இருந்த அந்தப் பழைய கணினியைப் பற்றி.

ஐம்பத்து மூன்று வயதில் தாங்கள் படிக்கத் தொடங்கினீர்கள். ஒரு நிலையத்தை, அதன் தொட்டி, பம்பு, வால்வு, தண்ணீர் கேட்கும் வீடுகள் அத்தனையையும் கணினிக்குள் கட்டங்களாக வரைந்து, ஒரு நாள் முழுவதையும் அரை நிமிடத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்று எங்கோ வாசித்திருந்தீர்கள். அதற்கான மென்பொருளைத் தலைமை அலுவலகம் விலைகொடுத்து வாங்கி, தனக்கு மட்டும் வைத்துக்கொண்டது. கேட்டதற்கு, கிளை நிலையங்களுக்கு அது எதற்கு என்று ஒரு வரி பதில் வந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தாங்கள் கோபப்பட்டதாக நினைவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து படிக்கலாம் என்று விட்டுவைத்திருக்கும் திறந்த மென்பொருளைத் தேடி இறக்கிக்கொண்டீர்கள். செவ்வாய்தோறும் சாப்பாட்டு வேளையில் மூவர் கூடினோம்: தாங்கள், மின்பணியாளர், நான். என்னை ஏன் சேர்த்துக்கொண்டீர்கள் என்று இன்றுவரை புரியவில்லை. கேட்டபோது, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால நல்ல கேள்வியா கேப்பீங்க" என்றீர்கள். அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் பாடம் அலுவலகத்துக் குடிநீர் ஜாடி. உடனே கட்டம் வரைய உட்கார்ந்த மின்பணியாளரின் கையிலிருந்து தாங்கள் கணினிச் சுட்டியைப் பிடுங்கிக்கொண்டீர்கள். "முதல்ல இது யாருக்காக இருக்கு, அவங்களுக்கு என்ன வேணும், அதை எழுதுங்க. படம் அப்புறம்." எழுதினோம். பதினான்கு பேர், ஆளுக்கு இத்தனை குவளை. ஜாடி மாலை நான்கரைக்குக் காலியாகும் என்று கணினியில் வரைந்த மாதிரி சொன்னது. நிஜத்தில் மூன்றரைக்கே காலியானது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில், தம் வீட்டுக்கு இரண்டு பெரிய புட்டிகளில் நிரப்பிக்கொண்டு போகும் கணக்கர் பிடிபட்டார்.

"கம்ப்யூட்டர் வெச்சு என்னைப் புடிச்சீங்களா?" என்று அவர் கொதித்தார்.

"உங்களைப் புடிக்கல சார். எங்க படத்துல விட்டுப்போன குழாய் ஒண்ணைப் புடிச்சோம்" என்றீர்கள். கணக்கர் இங்கே இரண்டாம் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

அந்த ஜாடியிலிருந்து நிலையம் முழுவதையும் வரைய ஓராண்டு ஆயிற்று. புரியாததைத் தாங்கள் இணையத்து மன்றத்தில் கேட்பீர்கள். முகம் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு நாட்டிலிருந்து பொறுமையாகப் பதில் எழுதுவார். சம்பளம் இல்லாமல் அவர் ஏன் இதைச் செய்கிறார் என்று வியந்துகொண்டே அடுத்த கேள்வியை அனுப்புவீர்கள். எங்கள் மாதிரியில் தண்ணீர் மட்டம் ஒருமுறை தொட்டியின் தரைக்குக் கீழே இரண்டு மீட்டர் போயிற்று. இன்னொருமுறை ஊரே ஒரு நொடியில் குளித்து முடித்தது. அதையெல்லாம் தாங்கள் அழிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏன் அப்படி ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தீர்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. குன்றின் மேலிருந்த தொட்டி பிற்பகல் மூன்று மணிக்கு வறண்டு கிடந்தது. மருத்துவமனையின் மேல்தளங்களுக்கு ஆறு மணிநேரம் தண்ணீர் இல்லை. பணியிலிருந்தவர் நாங்கள் எல்லோரும் வால்வு அண்ணன் என்று அழைக்கும் பம்பு இயக்குநர். பதினொரு மணிக்கு ஒன்றாம் எண் பம்பை நிறுத்திவிட்டு, இரண்டாம் எண்ணை மூன்று மணிவரை ஓட்டியதாகப் பதிவேட்டில் எழுதியிருந்தார். தொட்டியின் அளவுமானி பல மாதமாகப் பழுது. மின் அளவி நிலையத்துக்கே ஒன்றுதான், எந்த மோட்டார் எப்போது ஓடியது என்று அது சொல்லாது. பம்பை ஓட்டாமல் தூங்கிவிட்டுப் பொய் எழுதியிருக்கிறார் என்றார் மேலாளர். வேலை நீக்க உத்தரவு தட்டச்சாகித் தேதிக்காகக் காத்திருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை. பத்தொன்பது ஆண்டுப் பணி, படிக்கிற இரண்டு பெண்கள், படுக்கையில் ஒரு மாமியார்.

அவர் தரப்பில் சொன்னது ஒன்றே ஒன்று: "ரெண்டு மணி வாக்குல ஒண்ணாம் நம்பர் மோட்டார் கரண்ட் இல்லாமயே தானா சுத்துச்சு." மின்பணியாளர் மூன்றரைக்குப் போய்ப் பார்த்தபோது அது அசையாமல் கிடந்தது. "பேய் ஓட்டுச்சாண்ணே? லைசென்ஸ் வெச்சிருந்துச்சா?" என்று உணவறையில் அவரை ஓட்டினார்கள். நானும் சிரித்தேன். இது நினைவுப் பிழை இல்லை.

தங்கள் மாதிரியை ஓட்டிச் சொல்லச் சொன்னார் மேலாளர். ஓட்டினீர்கள். நான்கு மணிநேரம் பம்பு ஓடியிருந்தால் தொட்டியில் முக்கால் பங்கு இருந்திருக்க வேண்டும், ஆகவே பம்பு ஓடியிருக்க முடியாது. இரண்டு பக்க அறிக்கை, அடியில் தங்கள் கையொப்பம். செவ்வாயன்று நான்தான் எண் போட்டுப் பதிந்தேன். எங்கள் ஓராண்டுப் படிப்புக்குக் கிடைத்த முதல் மரியாதை அது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

மறுநாளோ அதற்கும் மறுநாளோ, உணவறை வாசலில் வால்வு அண்ணன் தங்களை நிறுத்தினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க மேடம். கணக்கு சரியாத்தான் இருக்கும். நான் என்ன கண்டேன். ஆனா ஒண்ணாம் நம்பரு சுத்துச்சே, அது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

அதுவரை எவரும் கேட்காத ஒன்றைத் தாங்கள் கேட்டீர்கள். "எந்தப் பக்கமா சுத்துச்சு?"

"எதிர்ப்பக்கமா."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல அண்ணே?"

"யாரு கேட்டா? எல்லாரும் பேயைப் பத்தித்தான் கேட்டாங்க."

அன்று சாப்பாட்டை விட்டுவிட்டு மூவரும் கிடங்கு அறைக்கு ஓடினோம். தண்ணீர் பின்னோக்கி வந்தால்தான் நின்ற பம்பு எதிர்ப்பக்கம் சுற்றும். எங்கள் படத்தில் நீரோட்டத்தைக் காட்டும் எந்த அம்பும் பின்னோக்கி வரவில்லை. ஒவ்வொரு பம்புக்கும் மேலே ஒரு தடுப்பு வால்வு இருக்கிறது. தண்ணீரை மேலே விடும், கீழே திரும்பவிடாது. மென்பொருளோடு ஆயத்தமாகக் கிடைத்த கட்டம் அது. பெயரைப் பார்த்து எடுத்து ஒட்டியிருந்தோம். அன்றுதான் முதன்முறையாக அதைத் திறந்தீர்கள். உள்ளே நான்கைந்து சமன்பாடுகள். அவற்றுக்கு மேலே, எழுதியவரின் குறிப்பு ஒரு வரி: இந்த வால்வு ஒரு சொட்டும் கசியாமல் மூடிக்கொள்வதாக வைத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

"வெச்சுக்கிட்டது அவங்க. நம்பிக்கிட்டது நான்" என்றீர்கள்.

அந்தச் சமன்பாட்டை மாற்றி, ஒன்றாம் எண்ணின் வால்வை மூடாமல் விட்டு ஓட்டினீர்கள். இரண்டாம் பம்பு மேலே தள்ளிய தண்ணீர் ஒன்றாம் பம்பு வழியே, பம்புகள் தண்ணீர் எடுக்கும் கீழ்த்தொட்டிக்கே திரும்பியது. போதாததற்கு மேல்தொட்டியிலிருந்ததும் கூடவே இறங்கியது. மேல்தொட்டியின் மட்டத்தைக் காட்டிய கோடு சரிந்து சரிந்து இரண்டேமுக்காலுக்குத் தரையைத் தொட்டது. வால்வு அண்ணன் நான்கு மணிநேரமும் பம்பை ஓட்டியிருக்கிறார்.

மின்பணியாளர்தான் முதலில் பேசினார். "பழசை விடுங்க மேடம். புதுசா ஒண்ணு குடுத்துடலாம். கூடுதல் ஆய்வுன்னு தலைப்பு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" தங்கள் நல்லதுக்காகத்தான் சொன்னார். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

தாங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "பழைய அறிக்கை உங்ககிட்ட இருக்கும்ல?"

"இருக்கும் மேடம்."

"அப்ப அதை எடுத்துட்டு வாங்க. தப்புன்னு அது மேலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

விசாரணையில் தாங்கள் எழுந்தபோது உட்காரச் சொன்னார்கள். தாங்கள் உட்காரவில்லை. "செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த அறிக்கை தப்பு. அதை வெச்சு இவரை அனுப்பினா, அனுப்பினது நான்."

"ஓசியில வந்த சாப்ட்வேரை நம்பினா இப்படித்தான்" என்றார் மேலாளர். சிலர் சிரித்தார்கள்.

"அது தன்னைப் பத்தி உண்மையைத்தான் எழுதி வெச்சிருந்துச்சு சார். நான்தான் படிக்கல. பூட்டி வெச்ச சாப்ட்வேரா இருந்திருந்தா, இன்னிக்கும் படிச்சிருக்க முடியாது."

"அப்போ ரெண்டாவதா சொல்றதை மட்டும் எப்படிம்மா நம்பறது?"

"நம்ப வேண்டாம். எங்க பாக்கணும்னு மட்டும்தான் என் படம் சொல்லும். வால்வைக் கழட்டிப் பாருங்க."

கழற்ற ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் தாங்கள் என்ன நினைத்தீர்கள் என்று பலமுறை கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. உள்ளே வால்வு நன்றாக இருந்திருந்தால் வால்வு அண்ணனும் போயிருப்பார், தங்கள் சொல்லும் போயிருக்கும். மூடியைத் தூக்கினார்கள். உள்ளிருந்த தகடு, தேய்ந்துபோன கீல் ஊசியிலிருந்து ஒரு பக்கம் கழன்று, வாய் பிளந்தபடி சாய்ந்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. வால்வு அண்ணன் குனிந்து அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். "அடப்பாவி" என்று அதனிடம் சொன்னார்.

அந்த ஆண்டுப் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை. அடுத்த ஆண்டிலும் இல்லை. காரணம் ஏதாவது தாளில் எழுதியிருக்கிறதா என்று தேடினேன். எங்கும் இல்லை. தங்களிடம் ஒருமுறை அதைச் சொன்னபோது, "இந்த வாரம் எந்தப் பாடம்?" என்று கேட்டீர்கள்.

தவறை மறைக்காத அறிவுக்கும், தாழ்ந்தவர் சொல்லையும் தள்ளாத செவிக்கும், அறுபதை நெருங்கியும் அடங்காத ஆவலுக்கும் தலைவணங்குகிறோம். தாங்கள் தங்கள் கணவரோடும் மகனோடும் உடல்நலம் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க! ஓய்விலும் ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வாழ்த்துகிறோம்!

சட்டம் போட்டு மாட்டப்போகும் இத்தாளில், எல்லோரும் என்ன ஆனார்கள் என்பதையும் பதிந்துவிடுகிறேன். மேலாளர் மாற்றலாகித் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். கணக்கர் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு வடிகட்டி வாங்கிவிட்டார். மின்பணியாளர் இப்போது மூன்று நிலையங்களுக்கு மாதிரி வரைந்து தருகிறார். அந்தத் தடுப்பு வால்வுக் கட்டத்தை எழுதிய முகம் தெரியாத மனிதர், தாங்கள் அனுப்பிய திருத்தத்தை ஏற்று, கசிவுக்கென ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். நான் பதிவறையிலேயே இருக்கிறேன். தவறு என்று தாங்கள் எழுதிக் கையொப்பமிட்ட அறிக்கை அதே எண்ணில் அதே கோப்பில் இருக்கிறது. வால்வு அண்ணன் விழாவுக்கு வர இயலவில்லை. அவருக்கு இன்று பிற்பகல் பணி. பம்பு அறையில் இருக்கிறார்.

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றிய நீரேற்று நிலையப் பணியாளர்கள்