சுருங்கிப் போன டிராம் ரோடு

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர், "டிராம் நின்னு போச்சுங்க" என்றார்.

"திருப்பூர்ல ஏதுங்க டிராம்?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"ஊட்ல பொம்மை ரயிலு வெச்சிருக்கனுங்க. அதுல ஒரு டவுனு கட்டி, டிராம் உட்டேன். சம்சாரம் படுத்த படுக்கைங்க. கட்டில்ல இருந்தே பாத்துட்டிருப்பா."

"ஏன் நின்னுச்சு?"

"ரோட்டுக்குப் பனியன் துணிய நனைச்சு ஒட்டி, மேல தண்டவாளத்த ஒட்டுனனுங்க. காஞ்சதும் துணி சுருங்கி, தண்டவாளம் கோணிக்கிச்சு. கம்பெனில துணிச் சுருக்கம் பாக்கறதுதானுங்க எம்பட வேலையே."

"பிரிச்சு மறுக்கா ஒட்டுங்க."

"ஒட்டறேன்னுதான் சொன்னனுங்க. வேண்டாம், பாத்தது போதும், என்னயச் செவுத்துப் பக்கமாத் திருப்பிப் படுக்க வெச்சுருங்கன்னுட்டா."