சத்தம் வராமல் பார்த்துக்கொண்டவர்

நெல்லித்தோப்பில் பஸ் நின்றபோது, முன் சீட்டிலிருந்த காட்டுக் காவலாளி பெருமையாகச் சொன்னார்: "காட்டுல ஒரு சத்தம் வரவுடலியே நானு!"

பக்கத்திலிருந்தவர் திரும்பினார். "எதுக்குண்ணே?"

"பறவை ஆராய்ச்சி பண்ற மேடம் மரத்துல ரெக்கார்டர் கட்டுனாங்க. விடிகாலையில ஒரு சத்தமும் இருக்கக் கூடாது, பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வாயத் தொறக்காம, கவண்லயே மயிலு குருவி எல்லாத்தையும் தொரத்திட்டேன்."

"ரெக்கார்டரப் போட்டுக் கேட்டுட்டு இன்னா சொன்னாங்க?"

"அழுதுட்டாங்க. காட்டுல பறவையே இல்லாமப் போச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. எனக்கே கஷ்டமாயிடுச்சி."

"அப்ப மயிலுங்க எங்க?"

"எங்க மல்லாட்டைக் கொல்லையில வேர்க்கடலையக் கொத்தி மேயுதுங்க. நான்தான் காட்டுல காவல் இருக்கேனே, அங்க யாரு தொரத்துறது?"