அறுநூற்றுப் பதினோரு பாஸ்வேர்டுகள்

தம்பி, உங்கள் லேப்டாப் ரிப்பேர் கடையில் வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலிக்கு ஒரு சக்கரம் ஆடுகிறது. நேற்று என் மனைவி அதில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் எனக்கு அதே கவலையாக இருந்தது. மாற்றிவிடுங்கள், பெரிய வேலை இல்லை.

நேற்று நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "சார், உங்க பொண்ணு பாஸ்வேர்டு உங்களுக்கு ஏதாவது ஐடியா இருக்கா?" மனைவி பக்கத்தில் இருந்ததால் உதட்டைப் பிதுக்கினேன். இப்போது சாவகாசமாகப் பதில் எழுதுகிறேன்.

நானும் உங்கள் துறைதான். இருபத்திரண்டு வருடமாக ஓர் அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பு என் பொறுப்பு. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டி வைக்கும் பெரிய மனிதர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். என் மகளுக்கு லேப்டாப் வாங்கிய அன்றே அதன் வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து கொடுத்தேன். பாஸ்வேர்டு இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் குப்பை என்று அவளுக்கு விளக்கினேன். "நீளமா வை. யார்கிட்டயும் சொல்லாதே. என்கிட்டகூட" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "அப்போ அந்தப் பக்கம் திரும்புங்கப்பா" என்றாள். திரும்பினேன். எதிரே அலமாரிக் கண்ணாடி இருந்தது. அதில் அவள் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. பெற்றவனுக்குத் தெரிந்திருப்பதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் இறந்தது கார் விபத்தில் என்று மனைவி உங்களிடம் சொன்னாள். அது சரிதான். கல்லூரித் தோழியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். போக வேண்டாம் என்று காலையிலேயே எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம். மாலை ஏழு மணிக்கு எனக்குச் செய்தி வந்தது. "அப்பா, வண்டி ஓட்டப் போறவன் குடிச்சிருக்கான். பயமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" அங்கே போக நாற்பது நிமிடம் ஆகும். என் வண்டி வாசலில்தான் நின்றது. "போகாதேன்னு சொன்னேன்ல? போகத் தெரிஞ்சவளுக்கு வரவும் தெரியும்" என்று பதில் அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு இன்னும் மூன்று செய்திகள் வந்தன. கடைசியாகப் பதினோரு விநாடிக் குரல் பதிவு ஒன்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காவது ஏதாவது மெசேஜ் அனுப்பினாளாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வாயில் வந்துவிட்டது. சொன்னதற்குத் தோதாக என் போனிலிருந்து எல்லாவற்றையும் நீக்கினேன். மகளின் போன் நசுங்கிப் போயிருந்தது. ஆனால் போனுக்கு வருவதெல்லாம் லேப்டாப்புக்கும் வரும்படி நானே அமைத்துக் கொடுத்திருந்தேன். அது அவள் மேஜைமேல் திறந்தபடி இருந்தது. போய் அணைத்தேன், பூட்டிக்கொண்டது. நான் செய்தது அவ்வளவுதான்.

அந்தச் செய்திகளை மட்டும் அழித்துவிட்டு லேப்டாப்பை மனைவியிடம் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பலமுறை முயன்றேன், விரல் வரவில்லை. மகள் கடைசியாகப் பேசியது அதில் இருக்கிறது. அழிப்பது பாவம். பூட்டியிருப்பதைப் பூட்டியபடியே விட்டுவைப்பதை யாரும் பாவம் என்று சொல்ல முடியாது.

மனைவிக்கு வேண்டியதும் அதிகமில்லை. அதில் மகள் பாடிப் பழகிய பதிவுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். "அவ குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருதுங்க" என்று ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். எனக்கு மறக்கவில்லை. சனிக்கிழமைகளில் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போவாள். அப்போது நான் திறந்து கேட்பேன். ஒரு பதிவில் நடுவே பாட்டு வரி மறந்துபோய், "அம்மா, நீ பாத்தா எனக்கு வராது, போ" என்று கத்துவாள். கேட்டால் மனைவிக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அவள் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கினாள். மகள் வைத்திருக்கக்கூடிய சொற்களாக யோசித்து யோசித்து அதில் எழுதுவாள். சாயங்காலம் டீ குடித்ததும் நாங்கள் இருவரும் உட்காருவோம். அவளுக்குக் கை நடுங்கும் என்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். திறக்காததை அவள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடிப்பாள். மூன்று வருடத்தில் அறுநூற்றுப் பதினோரு சொற்கள். ஒருநாள்கூட நான் சலித்துக்கொண்டதில்லை. இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து செய்யும் ஒரே காரியம் அதுதான். எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று நினைக்காதீர்கள். சில நாள் டீயைக் குடிக்காமலே கொட்டியிருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் அவள் நோட்டில் எழுதிக்கொண்டே தானாகச் சிரித்தாள். "ஏங்க, சின்னப் புள்ளையில வாஷிங் மெஷினைப் பாத்து பயந்துக்கிட்டு, சுத்தற மாமான்னு கூப்பிடுவாளே, ஞாபகம் இருக்கா? அதைப் போட்டு, பின்னாடி பழைய வீட்டு நம்பர் பதினாலு போடுங்க."

கண்ணாடியில் நான் பார்த்தது அதுதான், எழுத்து பிசகாமல்.

என் கை அந்தரத்தில் நின்றது. அவள் என் தோளில் கை வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி எண்ணை மட்டும் மாற்றித் தட்டினேன். புள்ளிகள் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. தவறு என்று வந்தது. "இல்லம்மா" என்றேன். "இது கண்டிப்பா திறக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் கழித்து ஸ்கேலை எடுத்தாள். அதற்குப் பிறகு புதிதாக ஒரு சொல்லும் அவள் எழுதவில்லை. அதனால்தான் யார் யாரையோ விசாரித்து உங்களிடம் வந்தாள்.

நோட்டையும் உங்களிடமே கொடுத்திருக்கிறாள். "அடிச்சதெல்லாம் நாங்க பாத்தாச்சு தம்பி, அதை விட்டுட்டு வேற ஏதாவது போட்டுப் பாருங்க" என்று அவள் சொன்னபோது நீங்கள் தலையாட்டினீர்கள். ஆனால் கவனமான தொழில்காரர் அடித்ததையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். நானாக இருந்தால் பார்ப்பேன். உங்களையும் அப்படித்தான் எடை போட்டேன். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

நாற்பத்து மூன்றாம் பக்கம், மேலிருந்து ஐந்தாவது வரி. தயவுசெய்து அதைத் தாண்டிப் போய்விடுங்கள். தெரிந்தால் அவளால் தாங்க முடியாது.